போன்சாய்த் தொட்டி செய்வோம், அடியிலிருந்து

என் கையால் செய்த முதல் போன்சாய்த் தொட்டியில் வைத்த இச்சி மரம் நான்கே மாதத்தில் போய்விட்டது. பத்து வருஷம் வளர்த்த மரம். தொட்டியைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. விளிம்பு நேராக இருந்தது, நிறமும் நல்ல கரும்பழுப்பு. மரத்தை வெளியே எடுத்த பிறகுதான் காரணம் புரிந்தது. அடித்தட்டின் நடுப்பகுதி லேசாகக் குழிந்திருந்தது. ஓட்டைகள் இரண்டும் மேட்டில் இருந்தன. ஊற்றிய தண்ணீரில் கால் தம்ளர் ஒவ்வொரு தடவையும் உள்ளேயே தங்கியிருக்கிறது. வேர்கள் கறுத்து, கூழாகி, நாறின.

அதிலிருந்து எந்தத் தொட்டியையும் அடியிலிருந்துதான் யோசிக்கிறேன். பெங்களூர் லால்பாக் பூங்காவின் மலர்க் கண்காட்சிக்குப் போனால், போன்சாய் வரிசையில் எல்லோரும் கிளையைப் பார்க்கும்போது நான் குனிந்து தொட்டிக்கும் மேசைக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்ப்பேன். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகும்: முதலில் அடி, பிறகு சுவர், கடைசியாக அழகு.

இது பெங்களூரில், வீட்டு மேசையில் மண்ணைப் பிசைந்து, சூளையை மட்டும் வெளியே தேடுபவர்களுக்காக எழுதியது. சக்கரம் தேவையில்லை. பலகை போல மண்ணைத் தட்டி, வெட்டி, ஒட்டிச் செய்யும் செவ்வகத் தொட்டிதான் இங்கே பாடம். வட்டத் தொட்டிக்குச் சக்கரம் வசதி. ஆனால் முதல் தொட்டியாக செவ்வகத்தைச் செய்தவர்களுக்கு மற்றதெல்லாம் சுலபமாக வரும்.

ஆழம் குறைந்த தொட்டியில் தண்ணீர் என்ன செய்கிறது?

மண்ணைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்து, உள்ளங்கையில் படுக்கை வசமாக வைத்துக்கொள்ளுங்கள். சொட்டிச் சொட்டி ஒரு கட்டத்தில் நின்றுவிடும். இப்போது அதையே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் தண்ணீர் வழியும். ஸ்பாஞ்சு அதேதான், தண்ணீரும் அதேதான்; உயரம் மட்டும் மாறியிருக்கிறது.

தொட்டிக்குள்ளும் இதுதான் நடக்கிறது. எந்தத் தொட்டியிலும் அடியில் ஒரு பட்டை உயரத்துக்கு மண் ஈரம் சொதசொதவென்றே நிற்கும். அந்தப் பட்டையின் உயரத்தைத் தீர்மானிப்பது மண்துகளின் அளவு. தொட்டியின் ஆழத்துக்கு அதில் பங்கு இல்லை. ஒரு அடி ஆழமுள்ள தொட்டியில் அந்தப் பட்டை சின்னப் பகுதி. 6 சென்டிமீட்டர் ஆழமுள்ள போன்சாய்த் தொட்டியில் அதுவே பாதி வீடு. அதனால்தான் போன்சாய்த் தொட்டிக்குப் பெரிய ஓட்டைகளும், ஓட்டையை நோக்கிச் சரியும் அடியும், கீழே காற்று போக உயரமான கால்களும் வேண்டும். பூந்தொட்டியின் அடியில் ஒரு ஓட்டை போட்டால் அது போன்சாய்த் தொட்டி ஆகிவிடாது.

அளவு

பொதுவான கணக்கு இது: தொட்டியின் நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆழம், அடிமரத்தின் பருமன் அளவு. கண்ணுக்குப் பொருத்தம் கிடைக்க இது போதும். ஆனால் நம் ஊர் ஆல், இச்சி, புளி எல்லாம் வேகமாக வேர் ஓட்டுபவை. நான் ஆழத்தை ஒரு சென்டிமீட்டர் கூட்டியே வைப்பேன்.

நம் எடுத்துக்காட்டு: 45 சென்டிமீட்டர் உயரம், 5 சென்டிமீட்டர் அடிமரம் உள்ள ஒரு இச்சி. சுட்டு முடித்த தொட்டி 30 நீளம், 21 அகலம், 6 ஆழம் இருக்க வேண்டும்.

இந்த அளவில் மண்ணை வெட்டினால் தொட்டி சின்னதாகத்தான் வரும். மண் காயும்போதும் சுருங்கும், சுடும்போதும் சுருங்கும். எவ்வளவு என்பது மண்ணுக்கு மண் வேறு. ஸ்டோன்வேர் மண் (அதிகச் சூட்டில் வெந்து கல் மாதிரி இறுகும் மண்) பெரும்பாலும் மொத்தமாக 10 முதல் 13 சதவீதம் வரை சுருங்கும். உங்கள் மண்ணுக்கு நீங்களே அளந்துகொள்வதுதான் சரி. ஈரமண்ணில் ஒரு பட்டை செய்து, அதன் மேல் சரியாக 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு கீறி, தொட்டிக்குக் கொடுக்கப்போகும் அதே சூட்டில் சுட்டு வாங்குங்கள். கோடு 8.8 ஆகியிருந்தால் சுருக்கம் 12 சதவீதம்.

இங்கே பலர் வழுக்குகிறார்கள். 30-க்கு 12 சதவீதம் கூட்டினால் 33.6 வரும். அது தப்பு. சுருங்குவது பெரிய அளவிலிருந்து என்பதால் 30-ஐ 0.88-ஆல் வகுக்க வேண்டும்: 34.1. அப்படியே அகலம் 23.9, ஆழம் 6.8. இந்த அளவுகளில் தடித்த அட்டையில் அச்சு வெட்டிக்கொள்ளுங்கள்: அடிக்கு ஒன்று, நீளச் சுவருக்கு ஒன்று, அகலச் சுவருக்கு ஒன்று. சுவர்கள் அடித்தட்டின் மேல் ஏறி நிற்கும் என்பதால், சுவர் அச்சின் உயரத்தில் அடித்தட்டின் தடிமனைக் கழித்துவிடுங்கள்.

எந்த மண்?

பெங்களூரில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கன்டோன்மென்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பென்சன் டவுனை ஒட்டியிருக்கும் பாட்டரி டவுன். விளக்கும் பானையும் பிள்ளையாரும் செய்யும் குடும்பங்கள் அங்கே தலைமுறையாக இருக்கின்றன; தமிழிலேயே பேசி வேலை முடிக்கலாம். அங்கே கிடைப்பது சிவப்புச் சுடுமண். விறகுச் சூளையில் குறைந்த சூட்டில் வேகும். சுட்ட பிறகும் தண்ணீரை உறிஞ்சும்.

இன்னொன்று, ஸ்டுடியோக்களுக்கு விற்கப்படும் ஸ்டோன்வேர் மண். 1200 டிகிரிக்கு மேல் வெந்து, கல் மாதிரி இறுகும். தென்னிந்தியாவில் ஸ்டோன்வேர் பரவியதில் புதுச்சேரியில் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டக் கூடத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஜப்பானில் தோகோனாமே, சீனாவில் யீசிங் போன்ற ஊர்களின் தொட்டிகளைப் போன்சாய்க்காரர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். அவை நன்றாக இறுகிச் சுட்ட தொட்டிகள். குளிர்நாட்டில் அது உயிர்ப் பிரச்சினை: தொட்டிச் சுவர் உறிஞ்சிய தண்ணீர் உறைந்து விரிந்தால் தொட்டி பிளந்துவிடும். நமக்கு அந்தப் பயம் கிடையாது. பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரிதான், அதுவும் 1884 ஜனவரியில். ஆகவே சுடுமண் தொட்டியும் இங்கே மொட்டைமாடியில் தாராளமாக வாழும். அதன் குறை வேறு. போர்வெல் தண்ணீர் ஊற்றினால் ஒரே வருஷத்தில் உப்பு பூத்து வெளிச்சுவர் வெள்ளையாகிவிடும். மெல்லிய விளிம்பும் கால்களும் எளிதில் சிம்பு தெறிக்கும். கைபழகச் சுடுமண், நிலைத்து நிற்க ஸ்டோன்வேர் என்பது என் முடிவு.

ஸ்டோன்வேர் வாங்கும்போது குராக் கலந்த மண்ணாகக் கேளுங்கள். குராக் என்பது ஏற்கெனவே சுட்டு நொறுக்கிய மண்துகள். அது கலந்த மண் குறைவாகச் சுருங்கும், கோணாது, வெடிப்பும் குறையும். வீட்டில் இருக்கும் செங்கல்பொடியை அதற்குப் பதிலாகப் போடாதீர்கள். சுடுமண்ணுக்கு அது சரி. ஸ்டோன்வேர் சூட்டில் உருகி உப்பிவிடும்.

நம் அளவுத் தொட்டிக்கு 3 கிலோவுக்குச் சற்று மேல் மண் பிடிக்கும். வெட்டுத்துண்டு போகும் என்பதால் 5 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். கருவிகள் வீட்டிலேயே இருக்கின்றன: பூரிக்கட்டை, ஒரு சென்டிமீட்டர் தடிமனில் இரண்டு ரீப்பர் பட்டை, காடாத் துணி, கத்தி, முள்கரண்டி, ஸ்டீல் ஸ்கேல், பழைய ஆக்ஸா பிளேடு, மண் வெட்ட ஒரு தூண்டில் நரம்பு.

தட்டுவது, காத்திருப்பது

மண்ணை ஒரே சீராகும் வரை பிசையுங்கள். நடுவில் நரம்பால் அறுத்துப் பார்த்தால் குமிழியோ கட்டியோ தெரியக் கூடாது. பிறகு காடாத் துணியில் வைத்து, இரண்டு பக்கமும் ரீப்பர் பட்டை போட்டு, பூரிக்கட்டை பட்டையின் மேல் உருளும் வரை தேயுங்கள். ஒரே திசையில் தேய்க்க வேண்டாம். துணியோடு திருப்பித் திருப்பி, இரண்டு முகத்தையும் தேய்க்க வேண்டும். கடைசியில் ஸ்கேலின் ஓரத்தால் இரண்டு முகத்தையும் அழுத்தி வழித்துவிடுங்கள். இந்த அழுத்தம்தான் பின்னால் வெடிப்பைத் தடுக்கும்.

தட்டிய மண்பலகையைத் தூக்கும்போது கையால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பாட்டரி டவுனில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த பெரியவர், நான் ஒரு மூலையை லேசாக வளைத்துவிட்டு மறுபடி நேராக்கியதைப் பார்த்துவிட்டு, "தம்பி, கண்ணுக்குத்தான் நேராச்சு. மண்ணு மறக்காது. சூளையில பாரு" என்றார். சுட்டு வந்தபோது அதே மூலைதான் தூக்கிக்கொண்டு நின்றது. துணியோடு தூக்கி, பலகைக்கு மேல் பலகை வைத்துக் கவிழ்ப்பதுதான் வழி.

உடனே வெட்டாதீர்கள். பலகை வளையாமல் நிற்கும், ஆனால் நகம் பதியும் பதம் வர வேண்டும். செருப்புத் தோல் மாதிரி இருக்கும். மார்ச்-ஏப்ரலில் இரண்டு மூன்று மணி நேரத்தில் வந்துவிடும். ஜூலை மழையில் ஒரு முழு நாள் ஆகலாம்.

அடித்தட்டு

பதம் வந்ததும் அச்சை வைத்து முதலில் அடித்தட்டை வெட்டுங்கள். ஓட்டைகளை இப்போதே போட்டுவிட வேண்டும். நம் அளவுக்கு இரண்டு ஓட்டைகள், ஈரத்தில் 2.3 சென்டிமீட்டர் விட்டம். சுட்ட பிறகு 2 சென்டிமீட்டர் இருக்கும். நீளத்தை நான்காகப் பிரித்து, முதல் பிரிவுக் கோட்டிலும் மூன்றாம் பிரிவுக் கோட்டிலும் போட்டால் எந்த மூலைக்கும் தூரம் அதிகமாகாது. ஏதாவது மெல்லிய குழாயை அழுத்திச் சுழற்றினால் சுத்தமாக வெட்டும்.

குழாயை எடுத்ததும் ஓட்டையின் உதட்டைத் தடவிப் பாருங்கள். மண் பிதுங்கி ஒரு மெல்லிய வரம்பு நிற்கும். அரை மில்லிமீட்டர் வரம்பாக இருந்தாலும் அது அணைதான். ஈர ஸ்பாஞ்சால் உதட்டை உள்பக்கம் சரியும்படி வழித்துவிடுங்கள். பிறகு ஓட்டையைச் சுற்றி ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஆக்ஸா பிளேடால் மெலிதாகச் சுரண்டி, 1 மில்லிமீட்டர் சரிவு கொடுங்கள். அதற்கு மேல் சுரண்டினால் அடி மெலிந்துவிடும்.

மரத்தைக் கட்டி நிறுத்தக் கம்பி போகும் ஓட்டைகள் நான்கு வேண்டும், 5 மில்லிமீட்டர் அளவில். பலர் இதை மறந்துவிட்டு, பிறகு வடிகால் ஓட்டை வழியாகவே கம்பியை விடுகிறார்கள். மரத்தின் பிடி அதனால் மையத்திலேயே நின்றுவிடும். பெங்களூரில் மே மாதம் அடிக்கும் கோடைமழைக் காற்றில் மொட்டைமாடி மரம் ஆடாமல் நிற்க வேண்டுமானால், மூலைகளுக்குப் பக்கத்தில் நான்கு ஓட்டைகள் இருந்தே ஆக வேண்டும்.

அடுத்து, ஸ்டீல் ஸ்கேலை அடித்தட்டின் மேல் நிறுத்தி, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து, எதிர்ப்பக்கத்தில் டார்ச் அடியுங்கள். ஸ்கேலுக்குக் கீழே வெளிச்சம் கசியும் இடம் பள்ளம். அது ஓட்டையை ஒட்டி இருந்தால் நல்லது. வேறெங்காவது இருந்தால் சுற்றியுள்ள மேட்டைச் சுரண்டுங்கள். இரண்டு நிமிஷ வேலை.

சுவரும் காலும்

நான்கு சுவர்களையும் வெட்டி, மூலையில் சேரும் ஓரங்களை 45 டிகிரி சாய்வாகச் செதுக்குங்கள். ஒட்டும் இடங்கள் எல்லாவற்றையும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, மண்குழம்பு தடவ வேண்டும். குழம்புக்கு அதே மண்ணின் காய்ந்த துண்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்துத் தயிர்ப் பதத்தில் கரைத்தால் போதும். நான் சில சொட்டு வினிகரும் சேர்ப்பேன். வேறு மண்ணின் குழம்பு வேண்டாம், சுருக்கம் ஒத்துவராது.

அழுத்தி ஒட்டியதும், உள்பக்கம் சுவரும் அடியும் சேரும் மடிப்பிலும் நான்கு மூலைகளிலும் விளக்குத்திரி பருமனில் மண்திரி வைத்து, விரலால் தேய்த்து நிரப்புங்கள். இரண்டு பயன்: மூட்டு உறுதியாகும், உள்மூலை வளைவாகிவிடுவதால் அங்கே தண்ணீரும் தங்காது, வெடிப்பும் தொடங்காது.

சுவர் நேராகவோ வெளிப்பக்கம் சற்றுச் சாய்ந்தோ இருக்கட்டும். உள்பக்கம் வளைந்து குடம் மாதிரி வாய் சுருங்கினால் பார்க்க அழகுதான். ஆனால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மரத்தை வெளியே எடுத்து வேர் வெட்ட வேண்டும். வாய் சுருங்கிய தொட்டியிலிருந்து வேர்க்கட்டி வெளியே வராது. மரத்தையோ தொட்டியையோ காயப்படுத்த வேண்டியிருக்கும்.

விளிம்புக்கு வெளிப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் பட்டை ஒட்டலாம். அது அழகுக்கு மட்டும் இல்லை. நீளமான சுவர் சூளையில் உள்வாங்காமல் பிடித்துக்கொள்வது அந்தப் பட்டைதான்.

கால்கள் நான்கு, ஒவ்வொன்றும் மூலையில் உட்காரும் எல் வடிவம். சுட்ட பிறகு ஒரு சென்டிமீட்டராவது அடித்தட்டு தரையிலிருந்து உயர்ந்திருக்க, ஈரத்தில் 1.2 சென்டிமீட்டர் வையுங்கள். எடை சுவர் வழியாகத்தான் இறங்குகிறது என்பதால் கால் சுவருக்கு நேர் கீழே வர வேண்டும். உள்ளே தள்ளி வைத்தால் ஓரங்கள் தொங்கும். தொட்டியைக் கவிழ்த்து, சுவருக்கு நேராக வரும்படி பார்த்துக் கால்களை ஒட்டி, மேலே ஒரு பலகை வைத்து நான்கும் ஒரே மட்டமா என்று ஆட்டிப் பாருங்கள். உங்கள் முத்திரையைப் பதிக்கவும் இதுவே நேரம். அடியில், ஒரு ஓட்டைக்குப் பக்கத்தில், ஆழமில்லாமல்.

காயவிடுவது

நன்றாகச் செய்த தொட்டிகள் அதிகம் பலியாவது இங்கேதான். விளிம்பு முதலில் காய்ந்து சுருங்க, அடி ஈரமாகவே இருந்தால், இரண்டும் இழுத்துக்கொண்டு மூலை பிளக்கும். பெங்களூர்க் காற்று இதில் மோசம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பிற்பகலில் பால்கனியில் வைத்த மண் மூன்று மணி நேரத்தில் ஓரம் வெளுத்துவிடும். ஃபேனுக்குக் கீழேயும் வேண்டாம்.

முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் உறையால் முழுக்க மூடிவையுங்கள். ஈரம் எல்லா இடத்துக்கும் சமமாகப் பரவும். அடுத்த நான்கைந்து நாள் செய்தித்தாளால் மூடி, தினமும் ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். விளிம்பை மட்டும் பிளாஸ்டிக் பட்டையால் சுற்றிவைப்பது நல்ல பழக்கம். தொட்டிக்குக் கீழே இரண்டு தாள் செய்தித்தாள் இருந்தால் மண் சுருங்கும்போது தடையில்லாமல் நகரும். அப்புறம் திறந்து வைக்கலாம். வெயில் காலத்தில் 10 நாள், மழைக்காலத்தில் மூன்று வாரம் கூட ஆகும். காய்ந்ததா என்று அறிய அடித்தட்டைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றால் இன்னும் ஈரம் இருக்கிறது.

காய்ந்த மண்ணை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் ஆசை வரும். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. ஈர ஸ்பாஞ்சால் மட்டும் சீர் செய்யுங்கள். மேசையையும் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கிளேஸ் (சூளையில் உருகிக் கண்ணாடி மாதிரி படியும் மேற்பூச்சு) பொடி கலக்கும்போது என்95 முகக்கவசம் கட்டாயம்.

சூளை

சுடுமண் தொட்டியானால் பாட்டரி டவுனில் விளக்கு, பானையோடு சேர்த்துச் சுட்டுத் தரக் கேட்கலாம். விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய வாரங்களிலும் தீபாவளிக்கு முன்னாலும் போய் நிற்காதீர்கள். அது அவர்களுடைய பிழைப்புக் காலம்.

ஸ்டோன்வேருக்கு மின்சூளையோ எரிவாயுச் சூளையோ உள்ள ஸ்டுடியோவில் இடம் கேளுங்கள். கொடுப்பதற்கு முன் மண் எந்தச் சூட்டுக்கானது என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். சுடுமண் தொட்டி தவறிப்போய் 1220 டிகிரிச் சூளையில் ஏறினால் உருகிச் சூளைத் தட்டையே கெடுத்துவிடும்.

ஸ்டோன்வேரை இரண்டு தடவை சுட வேண்டும். முதல் சுடல் 950 முதல் 1000 டிகிரி வரை. 80, 90 டிகிரியில் சில மணி நேரம் நிறுத்தி ஈரத்தை வெளியேற்ற வேண்டும். தொட்டி சூளையில் வெடித்தால் காற்றுக்குமிழியைக் குறை சொல்வார்கள்; உண்மையில் வெடிக்க வைப்பது, ஈரம் மிச்சமிருந்து 100 டிகிரியில் நீராவியாகும் வேகம். அதன் பிறகு 600 டிகிரி வரை மணிக்கு 100 டிகிரி போல ஏற்றினால் போதும். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். தட்டையான, அகலமான நம் தொட்டிக்கு ஏற்றத்திலும் இறக்கத்திலும் அங்கே நிதானம் தேவை. சூளையை 100 டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான் திறக்க வேண்டும்.

இரண்டாம் சுடலில் ஸ்டோன்வேர் 1220 டிகிரியைத் தாண்டும்போது மண் லேசாகக் குழையும். அடித்தட்டு நடுவில் தொங்குவது இங்கேதான். என் முதல் தொட்டி குழிந்ததும் இப்படித்தான். அதே மண்ணில், தொட்டியின் கால்களின் உயரத்துக்கு, ஒரு முட்டு செய்து முதல் சுடலில் சேர்த்துச் சுட்டு வையுங்கள். தொட்டியோடு சேர்ந்து சுருங்கி நடுவைத் தாங்கிக்கொள்ளும். முட்டு ஒட்டிக்கொள்ளாமலும் கால்கள் தட்டில் வழுக்கி நகரவும் அலுமினாப் பொடி தூவச் சொல்லுங்கள். இந்தச் சுடலில் மட்டும் நம் தொட்டி நீளத்தில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் குறையும். கால் எங்காவது ஒட்டிக்கொண்டால் அங்கேயே கோணிவிடும்.

கிளேஸ் வேண்டுமா?

முதல் தொட்டிக்கு வேண்டாம் என்பேன். செங்காவியைத் தண்ணீரில் கரைத்து, முதல் சுடல் முடிந்த தொட்டியில் பூசி, ஸ்பாஞ்சால் துடைத்துவிடுங்கள். கோடுகளிலும் மூலைகளிலும் மட்டும் தங்கி, இரண்டாம் சுடலில் ஆழமான பழுப்பாகும். ஆல், இச்சி, புளி, ஜூனிபர் எல்லாவற்றுக்கும் இந்த நிறம் அடங்கி நின்று பொருந்தும். ஊசியிலை மரங்களுக்குக் கிளேஸ் இல்லாத தொட்டி, பூக்கும் மரங்களுக்குக் கிளேஸ் தொட்டி என்பது ஜப்பானிய வழக்கம். காகிதப்பூவின் அந்த அடர்ந்த ரோஜா நிறத்துக்கு இளநீலமோ மோர் நிறமோ எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று ஒருமுறை பார்த்தால் விடமாட்டீர்கள்.

கிளேஸ் போடுவதானால் வெளிச்சுவர், விளிம்பு, உள்ளே ஒரு சென்டிமீட்டர், அவ்வளவுதான். உள்சுவர் சொரசொரப்பாக இருந்தால்தான் வேர் பற்றும். காலடியில் உருக்கிய மெழுகைத் தடவிவிட்டால் கிளேஸ் அங்கே ஒட்டாது, தொட்டியும் தட்டில் ஒட்டிக்கொள்ளாது.

மரம் ஏறும் முன்

சுட்டு வந்த தொட்டியைச் சமதளத்தில் வைத்து ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். வடிந்ததும் உள்ளே பாருங்கள். ஈரம் படர்ந்திருக்கலாம்; மினுங்கும் குட்டை இருக்கக் கூடாது. இருந்தால் அந்தத் தொட்டிக்கு மரம் கிடையாது. மனசு கேட்காது, ஆனாலும் வேண்டாம்.

ஸ்டோன்வேர் சரியாக வெந்ததா என்பதையும் அறியலாம். காய்ந்த தொட்டியைச் சமையலறைத் தராசில் நிறுத்துங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துவிட்டு மறுபடி நிறுத்துங்கள். 2500 கிராம் தொட்டி 2560 ஆனால் உறிஞ்சல் 2.4 சதவீதம். 3 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 6, 7 என்று வந்தால் சூடு போதவில்லை. அடுத்த முறை ஸ்டுடியோவில் சொல்லிக் கூட்டுங்கள்.

பிறகு ஓட்டைகளில் வலையைக் கம்பியால் பிணைத்து, நான்கு ஓட்டைகளிலும் கட்டுக்கம்பி விட்டு, சலித்த செங்கல் துண்டுக் கலவையில் மரத்தை உட்காரவைத்து முறுக்கிக் கட்டுங்கள். மண்பட்டையில் போட்ட கோட்டோடு நிறுத்தாமல், இந்தத் தொட்டியின் ஈர அளவையும் சுட்ட அளவையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பெரிய தொட்டி சில சமயம் நீளத்தில் ஒரு மாதிரியும் ஆழத்தில் ஒரு மாதிரியும் சுருங்கும். அடுத்த அச்சை வெட்டும்போது அந்த நோட்டில் இருக்கும் எண்ணால் வகுங்கள்.